பெடல் ஸ்டீல் கிட்டார்: நடுவயதில் கற்றல்

பெடல் ஸ்டீல் கிட்டார் என்பது மேசை போல நான்கு கால்களில் நிற்கும் மின் கம்பிக் கருவி. வாசிப்பவர் இடக்கையில் உள்ள எஃகு உருளையைக் கம்பிகளின் மேல் நகர்த்தி, வலக்கை விரல்களில் மாட்டிய நகங்களால் மீட்டுவார். தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு கோட்டு வாத்தியம் எனப்படும் சித்திர வீணை.

வரலாறு

கோட்டு வாத்தியம் மெட்டுகள் இல்லாத வீணை. வழவழப்பான உருளையைக் கம்பிகளின் மேல் நகர்த்திச் சுரங்களை எழுப்புவர். திருவிடைமருதூர் சகாராம் ராவ் இதைப் பரவலாக அறியச் செய்தார். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடம் இசை பயின்றவர். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் இக்கருவியில் புகழ்பெற்றவர்.

ஸ்டீல் கிட்டார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் தோன்றியது. ஜோசப் கெக்குக்கு அதன் முன்னோடி. 1954-இல் வெளிவந்த வெப் பியர்ஸின் பாடலொன்றில் பட் ஐசக்ஸ் வாசித்த பிறகு, பெடல் உள்ள வகை அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில் வேரூன்றியது.

பெடல் செய்யும் வேலை

பெடலை மிதித்தால் குறிப்பிட்ட கம்பிகளின் சுருதி மட்டும் மாறும். கர்நாடக இசை தெரிந்தவருக்கு இது எளிதில் விளங்கும். பரவலான ஈ9 சுருதியமைப்பில் 'ஈ' சுரத்தைச் சட்ஜமாகக் கொள்வோம். முதல் பெடல் பஞ்சமக் கம்பிகளைச் சதுச்ருதி தைவதத்துக்கு உயர்த்தும். இரண்டாவது பெடல் அந்தர காந்தாரக் கம்பிகளைச் சுத்த மத்யமத்துக்கு உயர்த்தும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ச-க-ப என்ற கூட்டொலி ச-ம-த ஆகிவிடும். உருளையை நகர்த்த வேண்டியதில்லை.

நடுவயதினருக்கு

கம்பியை விரலால் அழுத்த வேண்டியதில்லை என்பதால் விரல் நுனி வலிக்காது. ஆனால் இடக்கால் பெடலிலும், வலக்கால் ஒலியளவுப் பெடலிலும், முழங்கால்கள் நெம்புகோல்களிலும், கைகள் கம்பிகளிலும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். இந்த ஒருங்கிணைப்பு மெதுவாகத்தான் வரும்.

பலர் கைவிடுவதற்குக் காரணம் வேறு. பல ஆண்டுகள் கச்சேரி கேட்டுப் பழகிய காது, தன் அபசுரத்தை உடனே கண்டுபிடித்துவிடும். கை அந்தக் காதை எட்டிப் பிடிக்க மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியைத் திறமையின்மை என்று எண்ணி விடக்கூடாது. தவறு காதில் விழுவதே திருத்தத்தின் முதல் படி.

பயிற்சி முறை

- தம்புரா ஒலியோடு ஒரே சுரத்தை நீட்டி வாசித்தல்.
- உருளையை மெட்டுக் கோட்டுக்கு நேர் மேலே வைத்தல். சாய்ந்து பார்த்தால் கோடு இடம் மாறித் தெரியும். எனவே காதையே நம்ப வேண்டும்.
- வேண்டாத கம்பிகளின் ஒலியை வலக்கை விளிம்பால் அடக்குதல்.
- பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தல்.
- தினமும் 20 நிமிடம் விடாமல் வாசித்தல். வாரம் ஒருநாள் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட இது பயன் தரும்.

மின் கருவி என்பதால், கொரட்டூர் போன்ற புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஹெட்போன் மாட்டி இரவில் பழகலாம். கருவி கிடைக்காதவர்கள் சாதாரண கிட்டாரில் கம்பிகளை உயர்த்தி, மடியில் படுக்க வைத்து, எஃகு உருளையால் தொடங்கலாம்.