படிமேல் வைத்த பொட்டு

திருத்தணியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ரத்தத்தில் இன்சுலின் போதுமான அளவுக்கு மேலேயே இருக்கிறது, உடம்புதான் அதைக் கண்டுகொள்வதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மருந்துக் கடையில் ‘செல் சவ்வைச் சரிசெய்யும்’ என்று லெசித்தின் மாத்திரையை நீட்டியிருக்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். லெசித்தின் ஒரு பாஸ்போலிப்பிட் சரக்கு, செல் சவ்வும் பெரும்பாலும் பாஸ்போலிப்பிட்தான், எல்லாம் சரி. ஆனால் விழுங்கியது அப்படியே போய்த் தசைச் செல்லில் ஒட்டிக்கொள்வதில்லை. குடலிலேயே ஒரு நொதி அதன் கொழுப்பு அமிலம் ஒன்றைக் கத்தரித்துவிடும். மிச்சத்தை மறுபடி கோத்து எங்கே அனுப்புவது என்பதை உடம்பு தன் போக்கில் முடிவு செய்யும். முட்டை மஞ்சள்கருவில் இருப்பதும் இதேதான்; விலையும் குறைவு.

இருந்தாலும், கடைக்காரர் தெரியாமலே நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார். செல் சவ்வில் உள்ள ஏற்பியில் இன்சுலின் வந்து பொருந்துவதோடு பள்ளிப் பாடம் முடிந்துவிடுகிறது. சுவாரசியம் அதற்குப் பிறகுதான். செல்லுக்குள் போகும் சேதியைக் கைமாற்றிக் கொடுப்பது ஒரு கொழுப்பு.

சவ்வின் உட்புறத்தில் பிப்-2 என்றொரு பாஸ்போலிப்பிட் உண்டு. அதன் தலையில் ஆறு கார்பன் வளையம். நான்காம், ஐந்தாம் இடங்களில் ஒவ்வொரு பாஸ்பேட். இன்சுலின் வந்ததும் பிஐ-3 கைனேஸ் என்னும் நொதி மூன்றாம் இடத்திலும் ஒன்றை வைத்துவிடும். பிப்-2 இப்போது பிப்-3. அவ்வளவுதான் நடப்பது.

திருத்தணிக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். டிசம்பர் 31 படித் திருவிழாவில் 365 படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே ஏறுவார்கள். ஏற்கெனவே இரண்டு பொட்டு உள்ள படியில் கைனேஸ் மூன்றாவது பொட்டை வைக்கிறது என்று வையுங்கள். அடிவாரக் கூட்டத்தில் ஏகேடி என்றொரு புரதம் சும்மா அலைந்துகொண்டிருக்கிறது. மூன்று பொட்டுப் படியைக் கண்டால்தான் வந்து உட்காரும். பிடிகே-1 என்ற இன்னொரு நொதிக்கும் அதே பொட்டில்தான் கண். அதுவும் அங்கே வந்து ஏகேடியின் மேல் கற்பூரத்தை ஏற்றிவைக்கும். இதற்கிடையே பீடென் என்றொரு ஆள் ஈரத்துணியோடு பின்னாலேயே வந்து, மூன்றாவது பொட்டை மட்டும் பார்த்துப் பார்த்துத் துடைப்பார். இதில் ஒரு சிக்கல்: இந்தப் படிகள் கருங்கல் இல்லை, எண்ணெய். பொட்டு வைத்த படியே நகர்ந்து போய்விடும். இதற்கு மேல் உவமையை இழுத்தால் முருகனே கோபித்துக்கொள்வார்.

ஏகேடி விழித்ததும் ஏஎஸ்-160 என்ற புரதத்தின் பிடியைத் தளர்த்துகிறது. உள்ளே அடைந்து கிடந்த குளுட்-4 கடத்திகள் சவ்வுக்கு வருகின்றன, சர்க்கரை உள்ளே போகிறது.

வரலாறு வேண்டுமென்றால்: 1921இல் டொரண்டோவில் இன்சுலின், 1988இல் லூயிஸ் கேன்ட்லியின் குழு, யாரும் எதிர்பார்க்காத மூன்றாம் இடத்தில் பாஸ்பேட்டைக் கண்டது, 1998இல் பீடெனின் துடைப்பு வேலை வெளியானது. போதும்.

இந்தப் பொட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மனிதர்களிடமே சாட்சி உண்டு. பீடென் மரபணுவின் ஒரு பிரதி பழுதான சிலரை ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். எடை கூடுதல், ஆனால் இன்சுலினுக்கு உடம்பு அபாரமாக இணங்கியது. துடைப்பவர் பாதி நாள் லீவு. பொறாமைப்பட வேண்டாம்; அவர்களுக்குப் புற்றுநோய் அபாயமும் அதிகம். மறுபக்கம், கைனேஸைத் தடுக்கும் அல்பெலிசிப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தைச் சாப்பிடுவோர் பலருக்குச் சுகர் எகிறுகிறது. இந்தச் சுவிட்சைத் திருகி நீரிழிவைக் குணமாக்கிவிடலாம் என்று யாராவது பேட்டி கொடுத்தால், இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண ஆட்களுக்கு எங்கே கெடுகிறது? டைஅசைல்கிளிசரால் என்ற இடைச்சரக்கின் மேல்தான் சந்தேகம் வலுக்கிறது. செல் இதிலிருந்துதான் சவ்வுக்கான பாஸ்போலிப்பிட்டையும் செய்கிறது, சேமிப்புக் கொழுப்பையும் செய்கிறது. வரத்து மிஞ்சினால் இது தேங்கும். தேங்கினால் இன்னொரு கைனேஸைக் கிளப்பி ஏற்பியையே மந்தமாக்கும் என்கிறது யேல் பல்கலைக்கழகத்தின் ஷுல்மன் குழு. இல்லை, செராமைடு என்ற வேறொரு கொழுப்புதான் குற்றவாளி என்று வாதாடுவோரும் உண்டு. ஒல்லியான நம்மவருக்கும் நீரிழிவு ஏன் வருகிறது என்றால், ஒல்லி என்பது கண்ணுக்குத்தான். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யூட்கினும் 2004இல் ஒன்றாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐசிஎம்ஆரும் 2023இல் சொன்ன கணக்கில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில்.

வாசகருக்கு இன்னொரு தகவல். தசை சுருங்கும்போதும் குளுட்-4 சவ்வுக்கு வருகிறது. அந்த வழிக்கு பிப்-3 தேவையே இல்லை. இன்சுலினை மதிக்காத தசையிலும் அது பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கிறது. வேகமாக நடந்தாலோ மாடிப்படி ஏறினாலோ, ஏகேடியைக் கேட்காமலே ஏஎம்பிகே என்ற நொதி அதே ஏஎஸ்-160இன் பிடியைத் தளர்த்துகிறது. நடந்து முடித்துப் பல மணி நேரம் ஆன பிறகும் அந்தத் தசை இன்சுலினுக்கு முன்பைவிடக் கூடுதலாகவே இணங்கும்.