வேலியோரக் கீரைகள்: சத்தும் எச்சரிக்கையும்

குப்பைக்கீரை, மணத்தக்காளி, வல்லாரை, பொன்னாங்கண்ணி. செம்பனைத் தோட்டத்து ஓரத்திலும் வீட்டு வேலியடியிலும் யாரும் விதைக்காமல் முளைக்கும் இந்தக் கீரைகளைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்கள் பார்த்தவுடன் பெயர் சொல்வார்கள். வல்லாரையை மலாய்க்காரர்கள் 'பெகாகா' என்று அழைத்து, ஊலாமாகச் சம்பலுடன் இன்றும் விரும்பி உண்கிறார்கள். நம் வீடுகளிலோ அந்த இடத்தை முட்டைக்கோஸ் பிடித்துக்கொண்டது.

இது சற்றுக் கவலைக்குரிய மாற்றம். மலேசியாவில் 2019-இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 100 பேரில் ஏறக்குறைய 95 பேர் போதிய அளவு பழமும் காய்கறியும் உண்பதில்லை. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தசோகை உள்ளது.

கீரையில் என்ன இருக்கிறது?

குப்பைக்கீரையும் முளைக்கீரையும் ஒரே குடும்பம். இவ்வகைக் கீரை 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்தும் உண்டு. அதே எடை முட்டைக்கோஸில் சுண்ணாம்புச்சத்து 40 மில்லிகிராம். இரும்புச்சத்து அரை மில்லிகிராம்தான். கர்ப்பிணிகளுக்கு அவசியமான ஃபோலேட்டும், கண்ணுக்குத் தேவையான பீட்டா கரோட்டினும் இவற்றில் உள்ளன. பீட்டா கரோட்டினை உடல் ஏற்கக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். ஆகவே ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளிப்பது நல்லதே.

கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. பரிமாறும்போது எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். வைட்டமின் சி அதற்கு உதவும். சாப்பிட்ட கையோடு தே தாரிக்கோ காப்பியோ குடித்தால் அந்தப் பயன் குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

பறிக்கும் முன் இடத்தைப் பாருங்கள்

தோட்டங்களில் களைக்கொல்லி அடிப்பது வழக்கம். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. மற்ற மருந்துகள் பயன்பாட்டில் உள்ளன. சில மருந்துகள் இலைக்குள் ஊடுருவிச் செல்பவை. அடித்த பிறகும் பல நாட்களுக்கு இலை பச்சையாகவே நிற்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கழுவினாலும் போகாது. எப்போது மருந்தடித்தார்கள் என்பது உறுதியாகத் தெரியாத இடத்தில் பறிக்கவே வேண்டாம். பெருஞ்சாலை ஓரமும் சாக்கடை ஓரமும் அப்படியே. சாக்கடையோரச் செடிகளில் எலியின் சிறுநீர் பட்டிருக்கலாம்; அதன் மூலம் எலிக்காய்ச்சல் பரவும்.

மிகவும் பாதுகாப்பான வழி, நன்கு தெரிந்த செடியின் விதையையோ தண்டையோ கொண்டுவந்து உங்கள் வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது. வல்லாரைக்கு ஈரமும் கொஞ்சம் நிழலும் போதும்.

சமைக்கும் முறை முக்கியம்

மரவள்ளி இலையைப் பச்சையாக உண்ணக் கூடாது. அதில் சயனைடை உண்டாக்கும் பொருள் உள்ளது. இடித்து, திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். மணத்தக்காளியின் பச்சைக் காய்களில் நச்சுப்பொருள் இருப்பதால் அவற்றைக் குழந்தைகள் பறித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயூர் மானிஸைச் சமைத்து உண்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். 1990-களின் நடுவில் தைவானில் உடல் எடையைக் குறைப்பதற்காக அதன் பச்சைச் சாற்றை வாரக்கணக்கில் குடித்த பலருக்கு நுரையீரல் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. கீரை உணவாக இருக்கட்டும். யாரோ அனுப்பிய குறிப்பைப் பார்த்துச் சாறாக்கிக் குடிக்காதீர்கள்.

சிறுநீரகக் கல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களும், 'வார்ஃபரின்' மாத்திரை எடுப்பவர்களும் கீரையின் அளவை மாற்றும் முன் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேளுங்கள்.

அடையாளம் உறுதியாகத் தெரியாத செடியைச் சுவைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். உண்ட பின் வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் 999-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது எஞ்சிய இலையையோ செடியையோ உடன் எடுத்துச் செல்லுங்கள்.