மலைவேலை – 9: கை காட்டுவது யார்?

போன வாரம் மரம் அறுப்பவர்களைப் பார்த்தோம். அறுத்ததைத் தூக்குவது இன்னொரு கூட்டம். கல், இரும்பு உத்திரம், தண்ணீர் டேங்க், சாலையோரம் கவிழ்ந்த காய்கறி லாரி எதுவானாலும் கொடைக்கானல் மலைக்கு வருவது பெரும்பாலும் ஹைட்ராதான். முன்பக்கம் நீளும் பூம், அதில் ஒரு கொக்கி. சுமையைத் தொங்கவிட்டபடியே நகர்கிற சின்ன கிரேன்.

லாரி கவிழ்ந்த இடத்தில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஹைட்ராவோடு வருவது டிரைவர் மட்டும். சுமையைக் கொக்கியோடு பிணைக்கும் ஸ்லிங்கை மாட்டுவது லாரியின் கிளீனர். கை காட்டுவது வேடிக்கை பார்க்க நின்றவர்கள். “தூக்குண்ணே, தூக்குண்ணே” என்கிறார் ஒருவர். “இருண்ணே, இருண்ணே” என்கிறார் அடுத்தவர். கூட்டத்தில் யார் கையைப் பார்ப்பது என்று டிரைவருக்குத் தெரியாது. தொங்கும் சுமை அவர் பார்வையை மறைத்துவிட்டால் அந்தக் கையும் தெரியாது.

பெரிய வேலைத்தளங்களில் இதற்கென்று ஆள் உண்டு: சிக்னல்மேன். சுமை தூக்கும் பழைய கலாசிகள் ‘ஹாபீஸ்’ என்றால் ஏற்று, ‘ஆரியா’ என்றால் இறக்கு. இன்றைய பயிற்சியில் எல்லாம் கைச்சைகைதான். முன்கையை நிமிர்த்தி, ஆள்காட்டி விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் ஏற்ற வேண்டும். கையைத் தாழ்த்தி, விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்க வேண்டும். உள்ளங்கை கீழே பார்க்க, நீட்டிய கையை முன்னும் பின்னும் அசைத்தால் நிறுத்து. ஏற்றவும் இறக்கவும் ஒரே ஒருவர்தான் சொல்லலாம். ‘நிறுத்து’ மட்டும் யார் சொன்னாலும் டிரைவர் நிறுத்தியாக வேண்டும். டீ வாங்கிவரும் பையன் சொன்னாலும் சரி. சிக்னல்மேனைக் காணோம் என்றாலும் நிறுத்த வேண்டியதுதான். பத்தடி தள்ளி நிற்பவரை மஞ்சு மூடிவிடும் ஊரில் இந்த ஒரு விதி எத்தனை முறை வேலையை நிறுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். வாக்கி டாக்கி வைத்திருந்தால், பேச்சு அறுந்த நொடியே சுமை நிற்க வேண்டும்.

மலைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கிரேனில் ஒட்டியிருக்கும் எடை அட்டவணை சமதரைக்கு எழுதியது. அதில் எழுதியிருக்கும் ‘14 டன்’ என்பதும் பூமைக் குறுக்கி, பக்கத்திலேயே வைத்துத் தூக்கும்போது மட்டும். சரிவில் வண்டி சாய்ந்தால் சுமை வெளிப்பக்கம் தள்ளிப்போகும். தள்ளிப்போகப் போக கிரேனின் பலம் சரசரவென்று குறையும்.

ஸ்லிங் கணக்கு அதைவிடப் பொல்லாதது. ஒரு டன் சுமையை இரண்டு ஸ்லிங் போட்டுத் தூக்கினால் ஆளுக்கு அரை டன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இரண்டும் நேர் செங்குத்தாக நின்றால் அது சரி. தரையிலிருந்து 60 டிகிரிக்குச் சாய்ந்தால் ஒவ்வொன்றும் சுமார் 580 கிலோ தாங்கும். 45 டிகிரியில் அது 700 கிலோவைத் தாண்டிவிடும். ஸ்லிங் குட்டையாகப் போய், 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றின் மேலும் முழுசாக ஒரு டன். சுமை கூடவில்லை, கோணம்தான் மாறியது. இந்தக் கணக்கை ஒரு பகல் உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இங்கே யாருக்கும் ஒழுங்கு தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. இதே மலையின் அடிவாரத்தில், பழனியில், 2004 முதல் ரோப் கார் ஓடுகிறது. தினமும் மதியம் பராமரிப்புக்காக நிற்கும். மாதத்தில் ஒருநாள் நிற்கும். ஆண்டுக்கொரு முறை பல வாரங்கள் நிறுத்தி, கம்பிவடத்தையும் சக்கரங்களையும் பார்த்து, பெட்டிகளில் எடைக்கற்களை ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகே பக்தர்களை ஏற்றுவார்கள். காற்று பலமாக அடித்தால் உடனே நிறுத்திவிடுவார்கள். வரிசையில் நிற்பவர்கள் சலித்துக்கொண்டாலும் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

அதே பக்தர்கள் கிரேன் கொக்கியில் பறவைக் காவடி தொங்கி வரும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. 2023 ஜனவரி 22 அன்று அரக்கோணம் பக்கம் கீழ்வீதியில், மண்டியம்மன் கோயில் திருவிழாவில் சாமிக்கு மாலை போட ஆட்களை ஏற்றிய கிரேன் சாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். சரக்கு தூக்கச் செய்த இயந்திரத்தில் மனிதரை ஏற்றியதுதான் முதல் தவறு.

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996 சட்டமும் 1998 மத்திய விதிகளும் தூக்கு கருவிகளுக்கு ஆண்டுப் பரிசோதனையைக் கேட்டன. 18 வயது நிரம்பாதவர் சிக்னல் கொடுக்கக் கூடாது என்றன. ஆனால் அந்தச் சட்டம் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கானதாக இருந்தது. நாலு பேர் நிற்கும் மலை வளைவு அதில் வரவில்லை.

சிங்கப்பூரில் 2011 முதல் கிரேன் வேலைக்குப் பயிற்சி பெற்ற ரிக்கரும் (ஸ்லிங் மாட்டுபவர்) சிக்னல்மேனும் கட்டாயம். அங்கே அந்தப் பயிற்சி தமிழிலேயே நடக்கிறது. நம் ஊர்ப் பையன் அங்கே போனால் தமிழில் படித்து அட்டை வாங்கிவிடுகிறான். திரும்பி வந்தால் அந்த அட்டைக்கு இங்கே வேலையில்லை. இது வெட்கக்கேடு.

நீங்கள் மலையில் வீடோ விடுதியோ கட்டுபவரானால், அடுத்த முறை ஹைட்ராவுக்குப் போன் போடும்போது டிரைவரோடு பழகிய ஒரு சிக்னல்மேனையும் அனுப்பச் சொல்லுங்கள். அவர் கூலியையும் சேர்த்தே பேசுங்கள்.