டி.வி. வாங்கப் போறீங்களா? பர்ஸைத் திறக்கும் முன் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்க!

பொதட்டூர்பேட்டை தறிக்காரர் கூடத்துக்கு ஏற்ற பெட்டி எது?

“டக டக... டக டக...”

பொதட்டூர்பேட்டைக்குள் கால் வைத்ததுமே காதில் விழுவது விசைத்தறிச் சத்தம்தான். திருத்தணி முருகன் மலைக்குப் பக்கத்து ஊர். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் தெருக்கள்.

இந்த ஊரில் ஒரு தறிக்காரர் கூடத்துக்குப் புது டெலிவிஷன் பெட்டி வாங்கப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 20 ஆயிரம் ரூபாய். சீட்டு எடுத்த பணம். திரும்ப இப்படி ஒரு தொகை கைக்கு வர நாளாகும்.

கடைக்குப் போனால் தலை சுற்றும். “4கே இருக்குண்ணே... ஸ்மார்ட் இருக்குண்ணே... டால்பி இருக்குண்ணே...” என்று அடுக்குவார்கள். எல்லாம் நிஜம்தான். ஆனால் அதில் எத்தனை நம் வீட்டில் உபயோகப்படும்? கேள்வியே அதுதான்!

ஒரு பெட்டி, ஒரு தெரு

சென்னையில் டெலிவிஷன் நிலையம் திறந்தது 1975 ஆகஸ்ட் 15. கலர் ஒளிபரப்பு வந்தது 1982இல். சாலிடேர், டயனோரா என்று கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் தெருவே அந்த வீட்டுத் திண்ணையில்!

அந்தக் கதையை மாற்றியது 2006. அந்த வருஷம் செப்டம்பர் 15இல் தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 14 அங்குலப் பெட்டி. 2011இல் திட்டம் நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தது.

ஆகவே இன்று புதுப்பெட்டி வாங்குகிறவர்களில் பலருக்கு அது முதல் பெட்டி அல்ல, பழையதை மாற்றுகிறார்கள். வாங்கி வந்த மறுநாளே வீட்டில் பெரியவர்கள் ஒரு குறை சொல்வார்கள்: “பழைய பொட்டியிலே பளிச்சுனு தெரிஞ்சுதே, இதுல ஏன் கலங்கலா இருக்கு?”

அவர்கள் கண்ணில் கோளாறு இல்லை. காரணம் இருக்கிறது!

பெட்டி பெரிசு, படம் சிறிசு

சாதாரண கேபிள் சேனலில் வரும் படத்துக்கு 576 கோடுகள்தான். 14 அங்குலத்தில் அது கச்சிதமாக அடங்கியது. ஹெச்.டி. ரெடி பெட்டிக்கு 768 கோடு. ஃபுல் ஹெச்.டி.க்கு 1,080. 4கே பெட்டிக்கு 2,160. அந்த 576 கோட்டை இழுத்து இழுத்து 2,160 கோட்டில் பரப்பினால் என்ன ஆகும்? நாலு முழத் துணியை எட்டு முழத்துக்கு இழுத்தால் நூல் நூலாகத் தெரியாதா? அதேதான்!

எனவே வீட்டுக்கு வரும் இணைப்பு எது என்று முதலில் பாருங்கள். வெறும் கேபிள் மட்டும்தான் என்றால் 4கேவுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். பிள்ளைகள் இன்டர்நெட்டில் படம் பார்க்கிறார்கள், வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது என்றால் ஃபுல் ஹெச்.டி. அல்லது 4கே வாங்கலாம். தமிழ் சேனலோடு தெலுங்கு சேனலும் வேண்டும் என்கிற வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. பெட்டி வாங்கும்போதே கேபிள்காரரிடம் பேக்கேஜையும் பேசி முடித்துவிடுவது நல்லது.

இன்னொரு விஷயம். பல வீடுகளில் செட்டாப் பாக்ஸிலிருந்து டி.வி.க்குப் பழைய சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்தான் ஓடுகிறது. ஹெச்.டி. பாக்ஸாக இருந்தால் அதை எடுத்துவிட்டு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் மாட்டுங்கள். சில நூறு ரூபாய்ச் செலவில் படம் தெளியும்!

அங்குலக் கணக்கு

டி.வி. அங்குலம் என்பது குறுக்கே மூலைக்கு மூலை அளப்பது. 32 அங்குலப் பெட்டியின் படம் அகலத்தில் 28 அங்குலம்தான். 43 அங்குலம் என்றால் 37½ அங்குல அகலம். மூணு அடிக்கும் மேலே!

நாற்காலிக்கும் பெட்டிக்கும் நடுவே எத்தனை அடி? டேப் போட்டு அளந்து பாருங்கள். 4 முதல் 6½ அடி என்றால் 32 அங்குலம் போதும். 7 முதல் 9 அடி இருந்தால் 43 அங்குலம். தறி பாதி இடத்தை எடுத்துக்கொண்ட கூடத்தில் 55 அங்குலத்தை மாட்டினால் கழுத்து வலிதான் மிச்சம்.

தறிச் சத்தத்தில் வசனம் கேட்குமா?

தறிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. புதுப்பெட்டிகள் தகடு மாதிரி மெலிந்துவிட்டன. ஸ்பீக்கரோ கீழே பார்த்தபடி, இல்லையென்றால் பின்னால் பார்த்தபடி இருக்கிறது. பக்கத்து அறையில் தறி ஓடினால் வசனம் காதில் விழாது.

கடையில் குத்துப்பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள். ஏமாறாதீர்கள்! “நியூஸ் வையுங்க” என்று கேளுங்கள். செய்தி வாசிப்பவர் குரல் நாலடி தள்ளி நின்றாலும் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெட்டியில் ஒரு சைஸைக் குறைத்து, மிஞ்சும் பணத்தில் சின்ன சவுண்ட்பார் ஒன்றை வாங்குவது புத்திசாலித்தனம்.

தறிக்கூடத்தை ஒட்டிய சுவரில் டி.வி.யை மாட்ட வேண்டாம். நாளெல்லாம் அதிரும் சுவரில் ஆணி தளரும். மேஜை மேல் வைப்பதே பத்திரம். பஞ்சுத் தூசி பெட்டியின் பின்பக்கத் துளைகளை அடைக்கும். வாரம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.

ஸ்டெபிலைசர் தேவையா? பெட்டியின் பின்னால் உள்ள லேபிளைப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால் மின்சார ஏற்ற இறக்கத்தைப் பெட்டியே சமாளித்துக்கொள்ளும். ஒழுங்கான எர்த் இருந்தால் போதும். இடி இடித்தால் பிளக்கோடு கேபிள் ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும்.

எல்லை தாண்டினால் லாபமா?

“நகரிக்குப் போனா மலிவாக் கிடைக்குமாமே?” என்பது இந்தப் பக்கத்துப் பழைய பேச்சு. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறாக இருந்த காலத்துச் சமாச்சாரம் அது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரி.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு முன்பு 28 சதவீத வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்தது. அதாவது 20 ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு வரியில் மட்டும் 2 ஆயிரம் மிச்சம். பில்லில் வரி எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இனி கேட்க வேண்டியது, ரிப்பேர் என்றால் ஆள் வருமா என்பதே. ஊர் பின்கோடைச் சொல்லி, “இந்த இடத்துக்கு உங்க மெக்கானிக் வருவாரா?” என்று கம்பெனி நம்பரிலேயே கேட்டு விடுங்கள். பெட்டியை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அரக்கோணம் போக முடியுமா? பேனல் உடைந்தால் புதுப்பெட்டி விலையில் பெரும்பகுதி போய்விடும். பேனலுக்கு எத்தனை வருஷம் வாரண்டி என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

தறி நின்றாலும் தவணை நிற்காது!

கடைசியாகப் பணம். “வட்டியே இல்லைண்ணே, மாசத் தவணைதான்” என்பார்கள். இந்த ‘பூஜ்ய வட்டி’ சங்கதியில் வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சொல்லி, வங்கிகளைக் கண்டித்தது. பிராசசிங் சார்ஜ், அதற்கு 18 சதவீத வரி, ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி கிடைக்காமல் போவது... எல்லாம் கூட்டினால்தான் நிஜ விலை.

ஆகவே முதல் கேள்வியே, “ரொக்கமாக் கொடுத்தா எவ்வளவு?” என்பதாக இருக்கட்டும். அப்புறம் தவணைக் கணக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி!

இன்னொன்றும் உண்டு. நூல் விலை ஏறினால் தறி நிற்கும். சரக்கு தேங்கினால் தறி நிற்கும். தவணை மட்டும் மாதா மாதம் சரியாக வந்து நிற்கும். ஒரு தவணை தவறினால் அபராதம் வேறு. 20 ஆயிரம் கையில் இருக்கும்போது 35 ஆயிரம் பெட்டிக்கு ஆசைப்பட்டு மீதிக்குக் கடன் எழுதுவது நெசவு வீட்டுக்கு ஆகாது.

ஆக, நம் தறிக்காரர் என்ன செய்யலாம்? கூடம் குறுகல், கேபிள் மட்டும்தான் என்றால் 32 அங்குலம், ஹெச்.டி. ரெடி. மிஞ்சும் பணத்தில் சவுண்ட்பார். அதுவும் போக மிஞ்சினால் கையில் இருக்கட்டும். கூடம் நீளம், வீட்டில் இன்டர்நெட்டும் உண்டு என்றால் 43 அங்குலம், ஃபுல் ஹெச்.டி. அதே 43 அங்குலத்தை ஹெச்.டி. ரெடியில் மலிவாகக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாரண்டிக் காலத்தில் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் வருஷச் சட்டப்படி, பெட்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.

பழைய 14 அங்குலப் பெட்டியைக் குப்பையில் போட்டு உடைக்காதீர்கள். அதன் படக் குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். ஐந்நூறோ ஆயிரமோ விலையில் குறைத்தாலும் லாபம்தானே!