சுவரில் தொங்கும் சான்றிதழ்



நீங்கள் மருந்து வாங்கப் போகும் பாமஸிகள் பலவற்றில் கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு சான்றிதழ் தொங்கும். பக்கத்தில் அரசாங்க அனுமதிப்பத்திரம். நம்மவர் கடையாக இருந்தால் அதற்கு மேலே ஆயத்துல் குர்ஸியும் இருக்கும். அந்தச் சான்றிதழில் பெயர் எழுதப்பட்டவர் இப்போது கடைக்குள் இருக்கிறாரா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? நானும் கேட்டதில்லை. பெண்களுக்கான வாராந்த வகுப்பில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டு வந்து சேரும் வரைக்கும் அப்படியொரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது.

துண்டில் இருந்தது இதுதான். எழுதிய சகோதரி பதிவு பெற்ற மருந்தாளர். ஒரு பாமஸியில் பயிலுநராக நின்று, பரீட்சை எழுதிச் சித்தியடைந்து, இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவர். ஆறு வருடம் வேலை செய்தார். இரண்டாவது பிள்ளை கிடைத்ததும் வீட்டோடு நின்றுவிட்டார். 2022 நெருக்கடியில் கணவரின் புடைவை வியாபாரம் விழுந்தது, இன்னும் எழும்பவில்லை. இந்த நிலையில் வேறொரு ஊரில் பாமஸி திறக்கப்போகும் ஒருவர் ஆள் அனுப்பியிருக்கிறார். சான்றிதழைக் கடையில் தொங்கவிடச் சம்மதித்தால் மாதாமாதம் கணக்கில் காசு விழும். கடைக்கு வரத் தேவையில்லை. பரிசோதனைக்கு ஆட்கள் வருவதாகத் தகவல் கிடைத்தால் போன் பண்ணுவார்கள், அன்றைக்கு மட்டும் வந்து நின்றால் போதும். "ஹஸரத், இந்தக் காசு ஹலாலா?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்திலேயே "கூடும்" என்று சொல்லிவிடப் பார்த்தேன். வீட்டை வாடகைக்குக் கொடுக்கிறோம், வாகனத்தைக் கொடுக்கிறோம், பாடுபட்டுப் பெற்ற சான்றிதழைக் கொடுத்தால் என்ன என்றுதான் மனம் ஓடியது. பிள்ளைக்குப் பால்மா வாங்க முடியாத வீட்டுக்கு ஒரு கதவைத் திறந்துவிடலாமே என்ற இரக்கமும் இருந்தது. ஆனால் அறியாத விடயத்தில் பத்வா சொல்லக்கூடாது என்று எங்கள் உஸ்தாத்மார் அடித்து அடித்துச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒரு கிழமை தவணை கேட்டேன். அந்தக் கிழமையில் தேடியறிந்ததைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல.

இந்நாட்டில் மருந்தாளர் என்ற பெயர் விரும்பியவர் சூட்டிக்கொள்ளும் பெயரல்ல. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவர்களுக்கென்று ஒரு பதிவேடு உண்டு. அதற்குள் நுழைய இன்று பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களின் பட்டம் ஒரு வழி. நெடுங்காலமாக நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் வந்த வழி வேறு. பதிவுள்ள ஒரு மருந்தாளரின் கீழ் பயிலுநராகச் சேர்ந்து, தொழிலைப் பழகி, மருத்துவக் கல்லூரிச் சபையின் பரீட்சைக்குத் தோற்றுவது. நமது சகோதரி வந்ததும் அந்த வழியால்தான். கடைக்கோ தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். முன்னர் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்து, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உண்டாக்கியது. பதிவுள்ள மருந்தாளர் இல்லாமல் அனுமதிப்பத்திரம் இல்லை. மருந்துத் துண்டுக்கு மருந்து கொடுப்பது அவருடைய நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். கொழும்பில் இருக்கும் சான்றிதழைக் கொண்டு கலேவெலையில் மேற்பார்வை செய்ய முடியாது என்பதற்கு மௌலவி தேவையில்லை.

இது வெறும் கடதாசிச் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்றொரு குளிசை கொடுக்கிறார்கள். அதைக் கிழமைக்கு ஒரு தடவைதான் போட வேண்டும். நாளாந்தம் போட்டால் எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவது நின்று, வாய் புண்ணாகி, உயிரே போகலாம். உலகத்தின் பல நாடுகளில் இந்த ஒரே தவறால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மெட்போமின் நீரிழிவுக்கு, மெட்ரோனிடஸோல் கிருமிக்கு. டொக்டரின் அவசர எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஓ லெவல் முடித்துவிட்டு இரண்டு மாதம் கவுண்டரில் நிற்கும் தம்பி பெட்டியின் நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரமழானில் உங்கள் உம்மாவுடைய சீனி வருத்தக் குளிசையை ஸஹருக்கு மாற்றுவதா இப்தாருக்கு மாற்றுவதா, எதைக் குறைப்பது என்று டொக்டரிடம் கேட்கத் தூண்ட வேண்டியவரும் அந்த மருந்தாளர்தான். கிளிபென்கிளமைட் போன்ற குளிசையை வழமைபோல ஸஹருக்குப் போட்டுவிட்டு நோன்பு நோற்று, அஸருக்குள் சீனி இறங்கி மயங்கி விழும் வயோதிபர்களைப் பற்றி எந்த வார்டு தாதியிடமும் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கட்டுப்பாடு என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. இல்லை சகோதரிகளே. டமஸ்கஸில் பிறந்த இப்னு அபீ உஸைபிஆ என்ற மருத்துவர் ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் எழுதிய வைத்தியர்களின் சரித்திரத்தில் இரண்டு செய்திகள் உண்டு. படிக்கும்போது சிரிப்பும் வரும், கவலையும் வரும்.

கலீபா மஃமூனிடம் (ஆட்சி 813–833) ஒருவர் வந்து, "இந்த மருந்துக் கடைக்காரர்களிடம் இல்லாத பொருளைக் கேட்டாலும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்" என்றாராம். கலீபா சோதித்தார். பக்தாதுக்குப் பக்கத்திலிருந்த ஒரு தோட்டத்தின் பெயரை மருந்தின் பெயர்போல எழுதி ஆட்களை அனுப்பினார். கடைக்காரர்கள் காசை வாங்கிக்கொண்டு, ஒருவர் ஏதோ விதையையும், ஒருவர் கல்லுத் துண்டையும், இன்னொருவர் மிருக மயிரையும் கட்டிக் கொடுத்தார்கள்! பிறகு முஃதஸிமின் காலத்தில் (833–842), பாபக் என்பவனுக்கெதிரான போரில் தளபதி அப்ஷீனின் பாசறையிலும் இதே சோதனை நடந்தது. மருந்தல்லாத இருபது பெயர்கள் வரை எழுதி அனுப்பப்பட்டன. "இப்படியொன்றை நாங்கள் அறியோம்" என்று சொன்னவர்களுக்குப் பாசறையில் இருக்க அனுமதிப்பத்திரம் கிடைத்தது. "இருக்கிறது" என்று எதையோ கொடுத்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்கு லைசன்! இன்றைய பரீட்சைகளில் அப்படியொரு கேள்வி வைத்தால் எத்தனை பேர் தேறுவார்களோ.

மற்றச் செய்தி ஹிஜ்ரி 319இல், அதாவது 931இல். பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஒரு மனிதர் இறந்துபோனார். கலீபா முக்ததிர் சந்தையின் முஹ்தஸிபுக்குக் கட்டளையிட்டார்: ஸினான் பின் தாபித் பரீட்சித்துக் கையெழுத்திட்டாலன்றி எவரும் வைத்தியம் செய்யக்கூடாது. எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் பரீட்சைக்கு வந்தார்கள். பரீட்சகரான ஸினான் அப்போது முஸ்லிம் அல்ல, ஹர்ரானைச் சேர்ந்த ஸாபியி. திறமை எங்கே இருந்ததோ அங்கே பொறுப்பைக் கொடுத்தார்கள்.

வந்தவர்களில் நல்ல உடை உடுத்த, கம்பீரமான ஒரு பெரியவர். ஸினான் மரியாதையாக உட்காரவைத்து, யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். பெரியவர் சட்டைக் கையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து முன்னால் வைத்தார். உள்ளே தங்கத் தீனார்கள். தனக்கு எழுதவும் வாசிக்கவும் தெரியாதென்றும், வீட்டில் பசித்த வயிறுகள் இருப்பதாகவும், இந்தப் பிழைப்பைப் பறிக்க வேண்டாமென்றும் கெஞ்சினார். ஸினான் சிரித்தார். அறியாத நோயில் கை வைக்கக்கூடாது, இரத்தம் எடுக்கவோ பேதி கொடுக்கவோ கூடாது என்று நிபந்தனை போட்டார். தானும் தேன் காடிப் பானகத்தைத் தாண்டி எதுவும் கொடுத்ததில்லை என்று பெரியவர் சொல்ல, விட்டுவிட்டார். மறுநாள் ஓர் அழகான வாலிபன் வந்தான். யாரிடம் படித்தாய் என்றால், வாப்பாவிடம். யார் வாப்பா? நேற்று வந்துபோன அந்தப் பெரியவர்! அவனுக்கும் அதே நிபந்தனையோடு அனுமதி.

சிலர் இதை ஸினானின் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரக்கப்பட்டு ஒருவருக்கு விட்டுக் கொடுத்ததும் மறுநாளே இரண்டாமவர் வந்து நின்றார். ஆனாலும் அந்தப் பெரியவர் தன் கையால் தானே மருந்து கொடுத்தார், தன் எல்லையையும் ஒப்புக்கொண்டார். பெயரை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு வீட்டில் இருக்கவில்லை.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூலில் மருந்துக் கடைக்காரர்களுக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. அபினில் எந்தச் செடியின் சாற்றைக் கலப்பார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் எழுதிவிட்டு, முஹ்தஸிப் கிழமைதோறும் அவர்களுடைய மருந்தைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார். கிழமைதோறும்! முன்கூட்டிப் போன் பண்ணிச் சொல்லும் வழக்கம் அன்று இருக்கவில்லை.

இனி மார்க்கத் தீர்ப்பு. ஒருவர் தன் செல்வாக்கை, பெயரை இன்னொருவருக்குப் பயன்படக் கொடுத்துக் கூலி வாங்கலாமா என்று புகஹாக்கள் பேசியிருக்கிறார்கள். அதில் அபிப்பிராய பேதம் உண்டு, உழைப்போடு சேர்ந்தால் கூடும் என்றோரும் உண்டு. ஆனால் இங்கே விற்கப்படுவது பெயரல்ல. "நான் இங்கே இருக்கிறேன், பார்த்துத்தான் கொடுக்கிறேன்" என்ற சாட்சி. அது பொய்ச் சாட்சி. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்ததும் உள்ளே ஈரமுமாக இருக்கக் கண்டு கண்டித்த சம்பவம் நீங்கள் அறிந்ததே. சுவரில் சான்றிதழும் கவுண்டரில் அறியாத பிள்ளையும் அதே குவியல்தான். இன்னும், மருத்துவம் அறியாமல் கைவைத்தவர் நட்டத்துக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜாவில் ஹதீஸ் வந்திருக்கிறது. தவறு நடந்தால் சட்டத்தின் முன் கடைக்காரரோடு அந்தச் சகோதரியின் பெயரும் நிற்கும். நாளை மறுமையிலும் நிற்கும் என்று அஞ்சுகிறேன். ஆகவே கூடாது என்று எழுதி அனுப்பினேன்.

கட்டணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயிலுநராகப் பதியக் காசு, பரீட்சைக்குக் காசு, பதிவுக்குக் காசு, கடை அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கக் காசு. அதிகாரசபையின் கட்டணங்கள் வர்த்தமானியில் வருகின்றன, காலத்துக்குக் காலம் ஏறுகின்றன. "மக்ஸ்" என்று உலமாக்கள் கண்டித்த அநியாயச் சுங்கம் இதுதானே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நான் அப்படி எண்ணவில்லை. பதிவேடு வைத்திருப்பவருக்கும், பரீட்சை நடத்துபவருக்கும், கடை கடையாகப் போய்ப் பார்ப்பவருக்கும் கூலி வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிச் சபை. மாணவர் பயிற்சிக்குக் கடை ஏறுமுன்னே அங்கே காசு கட்டிப் பயிலுநராகப் பதிய வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் தொகை வேறு. பட்டப்படிப்புக்குள்ளேயே 1,740 மணித்தியாலம் தொழிற்பயிற்சி. சவூதியில் 1992இல் அமைக்கப்பட்ட சுகாதார நிபுணத்துவ ஆணையத்தின் பதிவு இல்லாமல் நம்மவர் ஒருவர் அங்கே குளிசை எண்ண முடியாது. அங்கே போகும்போது ஆயிரக்கணக்கில் மறுபேச்சின்றிக் கட்டுகிறோம், இங்கேதான் முணுமுணுப்பு.

எனக்கு இருக்கும் குறை வேறு. இந்தக் கட்டணம் ஏழை வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பயிலுநராக நிற்கும் காலத்தில் கையில் வருவது பெரும்பாலும் பஸ் காசுதான். ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளில், தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலின் ஆயுதத்தை வாங்கும் அளவுக்கு ஸகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று இருக்கிறது. தச்சனுக்கு வாள் என்றால், இந்தப் பிள்ளைக்குப் பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் ஆயுதம் அல்லவா? ரமழானில் ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து வாசலில் வரிசை வைப்பதைவிட, ஊருக்கு இரண்டு பெண்பிள்ளைகளை இப்படிக் கரைசேர்ப்பது மேல் என்று எனக்குப் படுகிறது. பள்ளி நிருவாகத்தில் சொன்னேன். "பொம்பிளப் பிள்ளையள் பாமஸில நிக்கிறதா, ஹஸரத்?" என்று ஒரு ஹாஜியார் கேட்டார்.

அவருக்கு ஷிபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) அவர்களைப் பற்றிச் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரிந்த அந்தக் குறைஷிப் பெண்மணி நம்லா என்ற தோல் நோய்க்கு ஓதிப் பார்ப்பவர். ஹப்ஸா (ரழி) அவர்களுக்கு எழுத்தைக் கற்றுக் கொடுத்ததுபோல அதையும் கற்றுக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்களே சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. உமர் (ரழி) அவர்கள் சந்தைப் பொறுப்பில் சிலவற்றை அவரிடம் கொடுத்ததாகவும் ஒரு செய்தி உண்டு. அதன் ஆதாரத்தைச் சிலர் மறுத்திருப்பதால் அதைப் பிடித்து வாதாடவில்லை, முந்திய செய்தியே போதும். பெண்கள் தங்கள் மருந்தைப் பற்றி வெட்கமின்றிக் கேட்க ஒரு பெண் கவுண்டரில் வேண்டாமா என்று கேட்டேன். ஹாஜியார் பதில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று எழும்பிவிட்டார்கள்.

துண்டெழுதிய சகோதரியிடமிருந்து மூன்று மாதமாகச் செய்தி இல்லை. என் தீர்ப்பு ஒரு வீட்டின் அடுப்பை அணைத்துவிட்டதோ என்று எனக்கும் உறுத்தல்தான். பிறகு இன்னொரு துண்டு வந்தது. அந்த ஊர்க்காரர் வேறொருவரின் சான்றிதழைப் பிடித்துக் கடையைத் திறந்துவிட்டாராம். இவர் தன் ஊரிலேயே ஒரு பாமஸியில் அஸருக்குப் பின் இஷா வரை நிற்கிறார். மாமி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். கிடைப்பது சும்மா இருந்து வாங்கவிருந்த தொகையைவிடக் குறைவு. போன கிழமை ஒரு உம்மம்மாவின் துண்டில் மெத்தோட்ரெக்ஸேட் நாளாந்தம் என்று எழுதியிருந்ததைக் கண்டு டொக்டருக்குப் போன் பண்ணித் திருத்தினாராம். கீழே ஒரு வரி: "என் கீழ் பயிலுநராகச் சேர ஒரு பிள்ளை நிற்கிறது ஹஸரத், வாப்பா இல்லாத பிள்ளை. பள்ளிக் கூட்டம் எப்போது?"