பயமுறுத்தியது முகமா, மருந்தா? – ‘நாளைய மனிதன்’ படத்தை மீண்டும் பார்க்கும்போது

சிறு வயதில் நம்மை நடுங்க வைத்த ஒரு படத்தை, பிள்ளை குட்டி பெற்ற பிறகு மறுபடியும் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வருகிறதே, அது ஏன்? அந்தப் பயம் எங்கே போனது? இன்றைய அரங்கில் இதைத்தான் விளக்கப் போகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட படம் 1989இல் வெளிவந்த ‘நாளைய மனிதன்’. வேலு பிரபாகரன் இயக்கியது. பிரபு, அமலா, ஜெய்சங்கர் நடித்தது. இறந்தவரை உயிர்ப்பிக்கும் மருந்தை ஒரு டாக்டர் கண்டுபிடிக்கிறார். உயிர்த்தெழுந்தவனோ யாராலும் அடக்க முடியாத கொலைகாரன் ஆகிறான். அந்த வேடத்தில் வந்த நெடிய உருவம் அஜய் ரத்னம். அடுத்த ஆண்டே ‘அதிசய மனிதன்’ என்று இரண்டாம் பாகமும் வந்தது. பேய், பில்லி சூனியம் என்று பயமுறுத்திக்கொண்டிருந்த தமிழ்ப்படத்தில், ஊசி மருந்தைக் காட்டிப் பயமுறுத்தியது அன்றைக்குப் புதுமைதான்.

நாடா செய்த மாயம்

நம்மில் பலர் இத்தகைய படங்களைத் திரையரங்கில் பார்த்தவர்கள் அல்லர். பிரிக்ஃபீல்ட்சிலோ கிள்ளானிலோ வீடியோ கடையில் நாடா வாடகைக்கு எடுத்து, அண்டை வீட்டாரையும் கூட்டி வைத்துப் பார்த்தவர்கள். வி.எச்.எஸ். நாடாவில் தெரிவது ஏறக்குறைய 240 வரி நுணுக்கம்தான். பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்க அதுவும் மங்கும். இரவுக் காட்சி என்றால் திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஏதோ அசையும், அவ்வளவுதான். மீதியை நம் கற்பனையே நிரப்பிக்கொண்டது. இன்று அதே படத்தைத் தெளிவாகப் பார்க்கும்போது ஒப்பனை ஒப்பனையாகவே தெரிகிறது. படம் மாறவில்லை, இருட்டு விலகிவிட்டது.

குழந்தை எதற்கு அஞ்சுகிறது?

இரண்டாவது காரணம் வயது. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கேன்ட்டர், திரைப்படமும் தொலைக்காட்சியும் குழந்தைகளுக்கு ஊட்டும் அச்சத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ‘ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரை வைத்து அவர் கண்டது சுவையானது. சாதுவான மனிதர் பச்சை நிறப் பூதமாக மாறும் காட்சியில்தான் பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறுசுகள் மிகவும் பயந்தன. அந்தப் பூதம் நல்லவர்களைக் காப்பாற்றுகிறது என்பது அவர்களுக்கு எட்டவில்லை. சற்று வளர்ந்த பிள்ளைகளோ ‘இப்படி உண்மையிலேயே நடக்குமா?’ என்பதற்கே அஞ்சினார்கள்.

ஆக, குழந்தை முகத்துக்கு அஞ்சுகிறது. வளர்ந்தவர் நடக்கக்கூடியதற்கு அஞ்சுகிறார். சிரித்துவிட்டுப் போகாமல் ‘நாளைய மனிதன்’ படத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால், பயம் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பது புரியும்.

உண்மையில் நடந்தது

செத்தவனை எழுப்பும் கதைக்கு வேர், மேரி ஷெல்லி எழுதி 1818இல் வெளியான ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவல். அந்தப் பெயர் பூதத்தினுடையது என்றே பலரும் நினைக்கிறோம். இல்லை, அது அவனை உண்டாக்கிய இளைஞனின் பெயர். பூதத்துக்குப் பெயரே வைக்கவில்லை. இது முழுக்கக் கற்பனையும் அல்ல. நாவல் வருவதற்கு முன்பே, 1803இல், ஜியோவானி ஆல்டினி என்ற இத்தாலிய அறிவியலாளர், லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபோஸ்டர் என்பவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது, கை உயர்ந்தது. உயிர் மட்டும் வரவில்லை. தூக்கில் தொங்கியவனிடம் “உன் உடலை இப்படிச் செய்யலாமா?” என்று கேட்க வேண்டும் என அன்றைய சட்டம் கருதவில்லை.

இன்று இதயம் நின்றவரை மீட்பது அன்றாட மருத்துவம் ஆகிவிட்டது. மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறை 1960இல் மருத்துவ உலகுக்கு அறிமுகமானது. ஆனால் காலக்கெடு மிகக் குறுகியது. ரத்த ஓட்டம் நின்று நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்குகிறது. தாமதமானால் உடல் மீளலாம், மனிதர் பழைய மனிதராக மீளாமல் போகலாம்.

படம் இதைத்தான், அறிந்தோ அறியாமலோ, பூத வடிவில் சொல்லியிருக்கிறது. உடல் எழுந்துவிட்டது, உள்ளே இருந்தவன் எழவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், “சுவாசக் கருவியைத் தொடரலாமா?” என்ற டாக்டரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற பிள்ளைகளுக்கு இந்தக் கதை வேடிக்கையாகத் தெரியாது. பத்து வயதில் நாம் அந்த உருவத்தைப் பார்த்துக் கண்ணை மூடினோம். நாற்பது வயதில் கண்ணை மூட வைப்பது ஜெய்சங்கர் கையில் இருக்கும் ஊசிதான். நல்ல எண்ணத்தோடு செய்கிறார் என்பதுதான் அதில் உள்ள பயங்கரம். ‘முடியுமா?’ என்று கேட்கும் அறிவு, ‘செய்யலாமா? சம்பந்தப்பட்டவர் இதை விரும்பியிருப்பாரா?’ என்று கேட்க மறக்கிறது.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம், இறந்தவரின் உறுப்புகளை எடுப்பதற்கு இசைவை முன்வைக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்பே பேசப்பட வேண்டிய இடம் வீடு. நமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை நலமாக இருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லி வைப்பது நல்லது. “அபசகுனமாகப் பேசாதே” என்று தடுப்பவர்கள்தான், பிறகு அந்த முடிவின் பாரத்தைத் தனியே சுமக்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

‘நாங்கள் பார்த்த படம்தானே’ என்று சிறு பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துவிடாதீர்கள். கேன்ட்டரும் ஹாரிசனும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சிறு வயதில் திரையில் கண்ட ஏதோ ஒன்றால் மிகவும் பயந்ததை நினைவு வைத்திருந்தார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேரிடம் அந்தப் பயம் இன்னும் மிச்சமிருந்தது. ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையிடம் “அது வெறும் மேக்கப்” என்று சொல்லிப் பயனில்லை. அணைத்துக்கொள்ளுங்கள், படத்தை நிறுத்துங்கள். வளர்ந்த பிள்ளையிடம் விளக்கம் எடுபடும். அவர்களிடம் பூதத்தைப் பற்றி மட்டும் பேசாமல், அந்த டாக்டர் செய்தது சரியா என்று கேளுங்கள். நம் காலத்தில் நம்மிடம் யாரும் கேட்காத கேள்வி அது.