நோய்க்காலப் பதற்றமும் ஒரு கடற்கரையும்

கொள்ளைநோய்க் காலத்தில் வரும் பதற்றம் உடலின் இயல்பான எச்சரிக்கை. ஆபத்து என்று மூளை கணித்ததும் அட்ரினலின் சுரக்கிறது; நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. பாம்பைக் கண்டு விலகி ஓடுவதற்கு இந்த ஏற்பாடு பொருத்தமானது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமி மாதக்கணக்கில் ஊரில் இருந்தால் எங்கே ஓடுவது? எச்சரிக்கை தணியாமல் நீடிக்கிறது. உறக்கம் கெடுகிறது, பசி போகிறது, சின்னப் பேச்சுக்கும் எரிச்சல் வருகிறது.

2020-இல் கொரோனா பரவியபோது கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்குக் கரை இதை முழுதாக அனுபவித்தது. மன்னர் மார்த்தாண்ட வர்மர் ஆட்சிக்காலத்தில் தளபதி டிலனாய் வலுப்படுத்திய வட்டக்கோட்டையின் வாசல், நாட்டின் மற்ற தொல்லியல் நினைவுச்சின்னங்களோடு சேர்ந்து மார்ச் 17 அன்று அடைக்கப்பட்டது. 25-ஆம் தேதி ஊரடங்கு. அருகிலுள்ள சின்னமுட்டம் துறைமுகத்தில் விசைப்படகுகள் முடங்கின. ஊரடங்கில் மீன்பிடிக்கு விலக்கு கிடைத்த சில நாட்களிலேயே, ஏப்ரல் 15 அன்று, கிழக்குக் கடலோரத்துக்கான ஆண்டுத் தடைக்காலம் தொடங்கிவிட்டது. 61 நாள் தடையை அரசு அந்த ஆண்டு 47 நாளாகக் குறைத்தது என்றாலும், அதற்குள் பல வீடுகளில் கையிருப்பு தீர்ந்திருந்தது. இன்னொரு பக்கம், ஈரானில் மீன்பிடிக்கப் போன தென்மாவட்ட மீனவர்கள் அங்கே நோய் பரவியபோது திரும்ப வழியின்றிச் சிக்கினார்கள். அவர்களில் குமரி மாவட்டத்தார் பலர். ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் இறக்கும்வரை, அவர்கள் வீட்டார் மாதக்கணக்கில் செல்பேசியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்கள். நோய்ப் பயம், வருமானப் பயம், தூரத்தில் இருப்பவரைப் பற்றிய பயம் என மூன்றும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தன.

இந்தக் கரைக்குப் பேரிடர் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலையும் பார்த்தவர்கள் இவர்கள். அப்போதெல்லாம் ஊர் ஒன்றுகூடியது. கோயில் முற்றத்திலும் கடற்கரையிலும் சேர்ந்து அழுதது, சேர்ந்து சமைத்து உண்டது. கொரோனா அந்த ஆறுதலையே பறித்தது. சாவு வீட்டுக்குப் போக முடியவில்லை, மருத்துவமனையில் இருப்பவரின் கையைப் பிடிக்க முடியவில்லை. நோய்க்காலப் பதற்றம் மற்றப் பேரிடர்களின் பதற்றத்தைவிடக் கடுமையாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. கொரோனாவின் முதலாண்டில் பதற்றக் கோளாறும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் அதிகரித்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது.

பதற்றத்தைத் தணிக்க எளிய வழி மூச்சு. மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விட வேண்டும். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு குறைகிறது. ஐந்து நிமிடம் செய்தால் போதும். பாயில் படுத்தபடியும் செய்யலாம்.

மூச்சில்தான் பெரிய குழப்பமும் வருகிறது. பதற்றத்திலும் மூச்சு முட்டும், நுரையீரல் தொற்றிலும் மூச்சு முட்டும். கொரோனா இரண்டாம் அலையில் பலரைக் கலங்கடித்தது இந்தச் சந்தேகமே. அதைத் தீர்க்க, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் உதவியது. கருவியை மாட்டுமுன் சில நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும்; விரல் குளிர்ந்திருக்கக் கூடாது, நகத்தில் பாலிஷ் இருக்கக் கூடாது. எண் நிலைத்து நின்றபிறகு படிக்க வேண்டும். அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். எண் நன்றாக இருந்தாலும் மூச்சுத்திணறல் தீரவில்லை என்றால் பயம்தான் என்று தானே முடிவுகட்டக் கூடாது.

அடுத்தது செய்தி. வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவு யார் பேசியது, எந்த ஊரில், எப்போது என்று தெரியாமலே நூறு வீடுகளின் உறக்கத்தைக் கெடுக்கும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, மாவட்ட நிர்வாகமோ சுகாதாரத் துறையோ சொல்வதைக் கேட்டால் போதும். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். குழந்தைகள் எதிரில் சாவுக்கணக்கு பேசுவதையும் நிறுத்த வேண்டும். ஆனால் அவர்கள் கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

வேலை நின்ற வீட்டில் நாளுக்கு ஒழுங்கு வேண்டும். எழுந்து குளிப்பது, வலை சீராக்குவது, முற்றத்தில் நடப்பது போன்றவற்றுக்கு நேரம் குறித்துக்கொண்டால் மனம் ஊன்றிக்கொள்ள இடம் கிடைக்கும். குடி இதற்கு மருந்தாகாது. சற்று நேரம் மயக்கிவிட்டு, பின்னிரவில் உறக்கத்தைக் குலைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம் துணை. கூட முடியாத காலத்திலும் துணையாக இருக்க முடியும். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டு வாசலில் சோறும் மீன்குழம்பும் வைத்துவிட்டு, தள்ளி நின்று இரண்டு வார்த்தை பேசுவது பெரிய சிகிச்சை. தனியாக இருக்கும் முதியவரைத் தினமும் ஒரே நேரத்தில் போனில் அழைக்க வேண்டும். அறிவுரை தேவையில்லை, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டால் போதும். நோய் கண்டவரை ஊர் ஒதுக்குமானால், அடுத்தவர் அறிகுறியை மறைப்பார்; அதனால் நோயும் பரவும், பயமும் பரவும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் உறக்கமின்மையோ படபடப்போ தீராவிட்டால், அன்றாட வேலை தடைப்பட்டால், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வட்டக்கோட்டைப் பகுதியினருக்கு ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 104 என்ற எண்ணில் மாநில மருத்துவ ஆலோசனை கிடைக்கும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம்.